துணையோடு நடந்த 23 கோயில்கள்

ஜப்பானிய ஹைக்கூ கவிதையில் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய சொற்கள் உண்டு. 'ஹென்ரோ' வசந்தத்துக்கு உரிய சொல். ஷிகோகு தீவின் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றி வரும் பாதயாத்திரையைக் குறிப்பது அது. செர்ரி பூக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், வெள்ளை மேலாடையும் கூம்புத் தொப்பியும் அணிந்து கையில் தடியோடு நடப்பவர்களை அத்தீவின் சாலைகளில் காணலாம்.

முழுச் சுற்று ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்து முடிக்க 40 முதல் 50 நாள் வேண்டும். மாணவர்களுக்கு அவ்வளவு விடுமுறை ஏது? நானும் என் பல்கலைக்கழகத் தோழியும் தொக்குஷிமா வட்டாரத்தின் முதல் 23 கோயில்களோடு நிறுத்திக்கொண்டோம். இப்படிப் பகுதி பகுதியாக நடப்பது அங்கே வழக்கம்தான்.

யாத்திரிகரின் தொப்பியில் 'தோக்யோ நினின்' என்று எழுதியிருக்கும். இருவர் சேர்ந்து செல்லும் பயணம் என்று பொருள். இரண்டாமவர் கோபோ தாய்ஷி. கூகாய் என்ற பெயரில் 774 முதல் 835 வரை வாழ்ந்த துறவி. இத்தீவில் பிறந்து, 804இல் சீனா சென்று கற்று, ஷிங்கோன் பௌத்தத்தை ஜப்பானில் நிறுவியவர். கையிலுள்ள தடியை அவராகவே கருதுகிறார்கள். விடுதியை அடைந்ததும் முதலில் தடியின் நுனியைக் கழுவ வேண்டும். பாலத்தின் மேல் தடியை ஊன்றக்கூடாது. தங்க இடம் கிடைக்காமல் ஒருநாள் அவர் பாலத்தடியில் படுத்தாராம், தூக்கம் கலைந்துவிடக்கூடாதே!

ஆக, தனியாக நடப்பவருக்கும் துணை உண்டு. தோழியோடு போனால்?

11ஆம் கோயிலிலிருந்து 12ஆம் கோயிலுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மலைப்பாதை. அதன் செங்குத்தான பகுதிகளுக்கு 'யாத்திரிகர் உருளும் இடம்' என்றே பெயர். தோழி வேகமாக ஏறுவாள், நான் மெதுவாக. ஒவ்வொரு மேட்டிலும் அவள் எனக்காகக் காத்திருந்தாள். நான் போய்ச் சேரும்போது அவள் நன்றாக இளைப்பாறியிருப்பாள், உடனே "போலாமா?" என்பாள். பின்னால் வருபவருக்கு ஓய்வே கிடைக்காது. அன்று மாலை நாங்கள் அதிகம் பேசவில்லை.

மறுநாள் இறக்கத்தில் என் குதிகாலில் கொப்புளம். சிறிய லோரியில் வந்த முதியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னார். யாத்திரிகர்களுக்கு உள்ளூர் மக்கள் ஆரஞ்சு, தேநீர், சில்லறைக் காசு என்று கொடுப்பதை 'ஒசெத்தாய்' என்கிறார்கள். அதை மறுக்காமல் வாங்கி, பதிலுக்குப் பெயர் எழுதிய சீட்டைத் தருவது மரபு. ஆனால் முழுவதும் நடப்பதாக முடிவெடுத்தவருக்கு இது தர்மசங்கடம். தோழி தலைவணங்கி மறுத்தாள். நான் ஏறிக்கொண்டேன்.

13ஆம் கோயிலில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோயில் முத்திரை பதித்துத் தரும் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். நாலரைக்கு அவள் வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.

அதன்பின் காலையில் அவரவர் வேகத்தில் கிளம்பினோம். மாலையில் கோயில் வாசலில் சந்தித்துக்கொண்டோம். நாள் முழுதும் தனித்தனியே கண்டதைச் சொல்ல இரவு உணவு நேரம் போதவில்லை.

23ஆம் கோயில் கடலோர ஊரில் இருக்கிறது. அடுத்தது முரோத்தோ முனையில், ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தள்ளி. இடையில் இந்த வரிசைக் கோயில் ஒன்றுகூட இல்லை. அடுத்த வசந்தத்தில் அங்கிருந்துதான் தொடர வேண்டும் என்கிறாள் தோழி. நான் இப்போதே புதிய காலணி தேடிக்கொண்டிருக்கிறேன்.