படி சிறிதானால்

கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். படியை உயரமாக வெட்டினால் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கும். கணினிச் சில்லு வடிவமைத்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள்.

1977இல் வந்த வாக்ஸ் 11/780 கணினிக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள். பல்லுறுப்புக் கோவைக்கு மதிப்புக் காணக்கூடத் தனிக் கட்டளை உண்டு. சி, பாஸ்கல் போன்ற உயர்நிலை மொழிகளுக்கு நெருக்கமாக வன்பொருளை உயர்த்திவிட்டால் நிரல் விரைந்து ஓடும் என்று நம்பினார்கள். 1980இல் டேவிட் பேட்டர்சனும் டேவிட் டிட்செலும் ஒரு சங்கதியைக் காட்டினார்கள். வாக்ஸில் 'இன்டெக்ஸ்' என்ற பெரிய கட்டளையை எடுத்துவிட்டு, ஒப்பிடு, தாவு, கூட்டு, பெருக்கு என்ற சின்னக் கட்டளைகளால் அதே வேலையைச் செய்தபோது அது 45% வேகமாக முடிந்தது. அதுவும் அதே இயந்திரத்தில்! எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சின்னக் கட்டளைகளே போதும் என்ற இந்த வழியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ரிஸ்க்-1 சில்லுக்கு 31 கட்டளைகளே. 1982இல் பேட்டர்சனும் பீப்போவும் அதை அளந்த முறை அழகானது. ஒரே வேலையை, சில்லின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்பிளியில் கையால் எழுதி ஓட்டு; சி-யிலும் எழுதி ஓட்டு; முதல் நேரத்தை இரண்டாவதால் வகு. விடை 1 என்றால் உயர்நிலை மொழியால் நட்டமே இல்லை. வாக்ஸுக்கு 0.45, மோட்டோரோலா 68000க்கு 0.34, மாதிரியோட்டத்தில் ரிஸ்க்-1க்கு 0.90. வாக்ஸில் சி எழுதியவர் பாதிக்கு மேல் வேகத்தை இழந்திருக்கிறார். பெரிய கட்டளைகள் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பது, உயர்நிலை மொழியைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குக் கடினம். செயற்கூறுகளை அழைப்பதிலும் நேரம் போகும். ரிஸ்க்-1 இந்த நேரத்தைக் குறைக்கவே, சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களான பதிவகங்களை ஒன்றின்மேல் ஒன்று படியும் சாளரங்களாக அடுக்கியிருந்தது. இந்த விகிதம் மட்டும் ஒரு சில்லின் வேகத்தைச் சொல்லிவிடாது. அசெம்பிளியே மெதுவாக ஓடும் சில்லுக்கும் விகிதம் உயர்ந்திருக்கலாம்.

அதே பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் அடிப்படைப் பகுதியில் 40 கட்டளைகள். அதைக்கொண்டு சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடியின் குழு 'சக்தி' சில்லை வடிவமைத்தது. 2018இல் சண்டிகரை அடுத்த மொகாலியின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் அது வார்க்கப்பட்டது. அதன் வடிவமைப்பு திறந்த மூலம்; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மதுரைக் கல்லூரி மாணவி ஒருவர் அதை, வேண்டிய சுற்றாக அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ பலகையில் ஏற்றி, 1982இன் அதே வகுத்தலைத் தானே செய்து பார்க்கலாம். கடிகாரச் சுழற்சிகளை எண்ணித் தரும் பதிவகம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது.