கோடையிலும் பனி விழும் பாதை

ஆஸ்திரேலியக் காடு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் பாம்பு பயம்தான் வரும். டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் டிராக்கில் நடக்கப் போகிறவர் அதைவிட அஞ்ச வேண்டியது குளிரையும் ஈரத்தையும்.

கிரேடில் மவுண்டன் - லேக் செயின்ட் கிளேர் தேசியப் பூங்காவுக்குள் செல்லும் இந்த மலைப்பாதை சுமார் 65 கிலோமீட்டர். பெரும்பாலும் ஆறு நாள் நடை. அக்டோபர் 1 முதல் மே 31 வரை முன்பதிவு கட்டாயம். அந்த மாதங்களில் வடக்கே ரோனி கிரீக்கில் தொடங்கித் தெற்கு நோக்கி மட்டுமே நடக்கலாம். கடைசியில் செயின்ட் கிளேர் ஏரியைப் படகில் கடக்கலாம். கரையோரமாகவே நடப்பதென்றால் இன்னும் 17 கிலோமீட்டர் சொச்சம்.

வழியில் குடில்கள் இருக்கும்போது கூடாரம் எதற்கு என்று தோன்றும். குடிலில் யாருக்கும் தனிப் படுக்கை ஒதுக்குவதில்லை. முதலில் வந்தவருக்கே இடம். அதைவிட முக்கியம், இரண்டு குடில்களுக்கு நடுவே வானிலை மாறிவிடுவது. அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போதும் பனி விழுவதுண்டு. நனைந்த உடையோடு காற்றில் நின்றால் உடல் சூடு வேகமாக இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு கால் தடுமாறும், பேச்சு குழறும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தனக்கு ஆபத்து என்றே தெரியாமல் போகலாம். கூட நடப்பவர்தான் கவனிக்க வேண்டும். உடனே கூடாரத்தை விரித்து, ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த உடையும் தூங்கும் பையும் கொடுங்கள். தெளிவாகப் பேசி, விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கட்டும்.

பருத்திச் சட்டையையும் ஜீன்ஸையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் லேசில் காயாது. கம்பளியோ செயற்கை இழையோதான் சரி.

விறகுத் தீ மூட்டக் கூடாது. அங்குள்ள மண்ணில் மட்கிய தாவரப் பொருள் அதிகம். தீப்பிடித்தால் தரைக்கடியிலேயே புகைந்து பரவும். கையடக்க அடுப்பு ஒன்றை எடுத்துப் போங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள்.

உணவை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கர்ராவாங் என்ற மஞ்சள் கண் கறுப்புப் பறவை, கீழே வைத்த பையின் ஜிப் நுனியை அலகால் பிடித்து இழுத்துத் திறந்துவிடும். பையின் மழை உறையை இறுக்கிக் கட்டுங்கள். பாவம் என்று தீனி போடாதீர்கள். அப்படிப் பழகித்தான் அது பையைத் தேடி வருகிறது.

பாம்புக்கு வருவோம். டாஸ்மேனியாவின் மூன்று வகைப் பாம்புகளுமே விஷமுள்ளவை. கடித்தால் கழுவாமல், கை அல்லது கால் முழுவதும் அகலமான மீள்துணிக் கட்டை இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் இருந்து உதவி கேட்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. ஆகவே, செயற்கைக்கோள் வழி அபாயச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று பையில் இருக்கட்டும்.

குடில்களில் உள்ள பதிவேட்டில் பெயரையும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். யாராவது காணாமல் போனால், தேடி வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.