எரிபொருள் மானியின் முள்ளை எவ்வளவு நம்பலாம்?

காலபோக உழவு நாட்களில் உழவு இயந்திரம் டீசல் தீர்ந்து வயலின் நடுவே நின்றுவிட்டால் நட்டம் சிறியதன்று. குழாய்களுக்குள் காற்றுப் புகுந்துவிடும். டீசலை மீண்டும் ஊற்றினாலும், அக்காற்றை வெளியேற்றும்வரை பெரும்பாலான எஞ்சின்கள் இயங்கமாட்டா. வாடகை இயந்திரமாயின் அன்றைய பணமும் வீண். எனவே எரிபொருள் மானி வேலை செய்யும் விதத்தை நாம் அறிந்திருத்தல் நன்று.

தாங்கியினுள் நடப்பது

தாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. டீசல் மட்டத்துடன் அது ஏறி இறங்கும். அதனுடன் இணைந்த கம்பிக் கையின் மறுமுனை, ஒரு மின்தடைச் சுருளின் மேல் உரசி நகரும். மட்டம் மாறத் தடை மாறும். தடை மாற மின்னோட்டம் மாறும். அதற்கேற்ப முள் நகரும்.

ஒரு வகையில் தாங்கி வெறுமையானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். வேறொரு வகையில் வெறுமைக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். வகை மாறிப் பூட்டினால் முள் தலைகீழாகக் காட்டும். புதிதாக வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

முள் பிழைப்பது ஏன்?

மிதவை அறிவது மட்டத்தின் உயரத்தை மட்டுமே. தாங்கியின் அடிப்பக்கம் ஒடுங்கியதாயின், முள் பாதியில் நிற்கும்போது டீசல் பாதியிலும் குறைவாகவே இருக்கும். இயந்திரம் வரப்பில் சரிந்து நின்றாலும் அளவு பிழைக்கும். மிதவையில் ஓட்டை விழுந்தால் அது அமிழ்ந்துவிடும். நிறைந்த தாங்கியும் வெறுமை என்றே காட்டும். இடப்பெயர்வினால் நெடுங்காலம் ஓடாது நின்ற இயந்திரங்களில் வயர் முனைகளும் ஏத் தொடுப்பும் துருப்பிடித்திருக்கக்கூடும். முதலில் அவற்றைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள்.

எளிய சோதனை

இது டீசல் வாகனத்துக்கு மட்டுமே. பெற்றோல் வாகனத்தில் தீப்பொறி ஆபத்தானது. அதனை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தாங்கியை மூடிவைத்து, சுவிச்சைப் போட்டு, மானியிலிருந்து மிதவைக்கு வரும் வயரைக் கழற்றுங்கள். பின்பு வயர் முனையைத் துருவற்ற இரும்புப் பகுதியில் சில விநாடிகள் மட்டும் தொடுங்கள். முள் ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம் நோக்கி நகர்ந்தால் மானியும் வயரும் நல்லவை. பழுது மிதவைப் பகுதியில் அல்லது அதன் ஏத் தொடுப்பில். முள் அசையாவிடின் பியூசையும் வயரையும் மானியையும் பாருங்கள். பற்றரி வயரை மிதவைப் பகுதிக்கு நேரே கொடுக்கவே வேண்டாம்.

கைகொடுக்கும் தடி

தாங்கியைக் கழுவும் நாளில் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். 5 லீற்றர் வீதம் டீசலை ஊற்றி, ஒவ்வொரு முறையும் துப்புரவான தடியொன்றை அடிவரை விட்டு, நனைந்த மட்டத்தில் கீறல் இடுங்கள். அத்தடியைத் தூசி படாமல் சுற்றி வையுங்கள். டீசல் பங்கீட்டில் கிடைத்த 2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. வயலில் இறங்குமுன் தடியை ஒருமுறை விட்டுப் பார்த்தால், இன்றைய உழவுக்கு டீசல் போதுமா என்பது தெரிந்துவிடும்.