பூட்டிக் கிடக்கும் மனையும் அண்டை வீட்டார் உரிமையும்

நம் ஊர்த் தெருக்களில் பூட்டிய வீடுகளும் வெற்று மனைகளும் எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? உரிமையாளர் சபுராளியாக அயல்நாட்டில் இருப்பார். அல்லது பாகப் பிரிவினை முடியாமல் இடம் கிடக்கும். இரண்டு மழைக்காலம் கடந்தால் சீமைக் கருவேலும் எருக்கும் அங்கே ஆளுயரம் மண்டிவிடுகின்றன. ‘என் மனை, என் விருப்பம்’ என உரிமையாளர் எண்ணலாம். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை.

புதர் எலிகளின் புகலிடம். எலியைத் தேடி நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரும். கட்டு விரியனோ இரவில் வீட்டினுள் புகுந்து, தரையில் உறங்குவோரைத் தீண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டனர் என 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் பாம்புக் கடியையும் சேர்த்தது. அதற்கு அடிப்படை 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம்.

அதே சட்டம் அண்டை வீட்டாருக்கும் துணை நிற்கிறது. உடல்நலத்திற்குக் கேடான தொல்லை ஓரிடத்தில் இருப்பின், அதனை அகற்றுமாறு உரிமையாளருக்குச் சுகாதார அலுவலர் அறிவிப்பு அனுப்பலாம். எனவே முதல் மனுவை நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுத்து வடிவில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள்.

பொதுப் பாதைக்குத் தொல்லையாயினும், மரம் சாய்ந்து விழும் நிலையில் இருப்பினும் கோட்டாட்சியரை அணுகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, முன்னைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவைப் போன்றே, அவருக்கு ஆணையிடும் அதிகாரம் தருகிறது. உரிமையாளர் பணிய வேண்டும். அல்லது நேரில் வந்து மறுப்புரைக்க வேண்டும். ஆணை உறுதியான பின்னும் வாளாவிருந்தால், அப்பணியைச் செய்வித்து, செலவை அவர் சொத்திலிருந்தே வசூலிக்கலாம்.

ஆயினும் பொறுமையிழந்து நீங்களே சுவரேறிக் குதித்து வெட்டுவதோ தீயிடுவதோ முறையன்று. குற்றம் உங்கள்மேல் திரும்பும்.

மனைக்கு உரியவர்களே! அயல்நாடு செல்லுமுன் உறவினர் ஒருவரிடம் பொறுப்பையும் ஆண்டுச் செலவையும் ஒப்படையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே இடத்தைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். சீமைக் கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மீண்டும் தழைக்கும். வேரோடு பெயர்க்க வேண்டும்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நன்மை என அறிந்தவர்கள் நாம். நம் மனையின் முள் பிறர் பாதைக்கு நீளலாமா?