வீட்டுக் கணினியில் ஹெலிகாப்டர் ஓட்டுதல்

போர்ப் பறப்புச் சிமுலேட்டர் என்பது ஒரு போர் விமானத்தின் விமானி அறை, இயந்திரம், ஆயுதங்கள், காற்று, வானிலை, நிலப்பரப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் கணினி மென்பொருள். தமிழில் இதைப் பறப்புப் பாவனையாக்கி என்றும் சொல்வர். இவற்றில் ஜெட் விமானங்களே அதிகம். ஹெலிகாப்டர்கள் (உலங்கூர்திகள்) குறைவு. ஆனால் கற்றுக்கொள்ள மிகக் கடினமானவை அவையே. ஜெட் விமானத்தை முதல் நாளே ஒருவாறு பறக்கவைத்துவிடும் மாணவர், ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் தூக்கி அங்கேயே நிறுத்திவைக்கப் பல நாள் எடுத்துக்கொள்வார்.

அதில் எந்தப் பகுதி நிஜ ஹெலிகாப்டருக்கும் பொருந்தும், எந்தப் பகுதியை நாற்காலியில் உட்கார்ந்து கற்கவே முடியாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இரண்டாவது கேள்வி நமக்குத் தொலைவானதன்று. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விழுந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டரின் நெருங்கிய உறவான எம்ஐ-8, இன்று வீட்டுக் கணினியில் ஓட்டக் கிடைக்கும் ஹெலிகாப்டர்களுள் ஒன்று.

தோற்றம்

சிமுலேட்டர் பிறந்தது விளையாட்டுக்காக அன்று. அமெரிக்காவின் பிங்காம்ட்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே அசைந்து திரும்பும் ஒரு பயிற்சிப் பெட்டியை 1929-இல் உருவாக்கினார். முதலில் அதைப் பொழுதுபோக்கு மைதானங்களே வாங்கின. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் படையிடம் அஞ்சல் எடுத்துச்செல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது. மோசமான வானிலையில் பறந்து சில வாரங்களுக்குள் பல விமானிகள் இறந்தனர். அதன் பிறகுதான் படை லிங்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கக் கற்பிப்பதே அப்பெட்டிகளின் வேலை.

வீட்டுக் கணினியில் ஹெலிகாப்டர் வந்தது 1980-களில். மைக்ரோபுரோஸ் நிறுவனத்தின் கன்ஷிப் 1986-இல் வெளிவந்தது. இன்று இத்துறையில் முன்னிற்பது ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டிசிஎஸ் வேர்ல்டு. அதன் அடிப்படை மென்பொருள் இலவசம். ஹெலிகாப்டர்களைத் தனித்தனியே வாங்க வேண்டும். ரஷ்யாவின் கேஏ-50, எம்ஐ-8, எம்ஐ-24, அமெரிக்காவின் ஹியூயி, அப்பாச்சி, பிரான்சின் கசேல் ஆகியவை அதில் உள்ளன. சண்டை வேண்டாம், பறந்தால் போதும் என்பவர்க்கு முற்றிலும் இலவசமான பிளைட்கியர் உண்டு. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் உலகம் முழுவதுமே நிலப்பரப்பாக இருப்பதால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே பறக்கலாம். அதில் ஹெலிகாப்டர்கள் 2022 நவம்பரில் சேர்க்கப்பட்டன.

மூன்று பிடிகள்

ஹெலிகாப்டரை ஓட்ட இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வேண்டும். இடக்கையில் இருப்பது கலெக்டிவ். அதை மேலே இழுத்தால் சுழலியின் எல்லா இறக்கைகளும் ஒருசேரச் சாய்வு கூடி, தூக்குவிசை மிகுந்து ஹெலிகாப்டர் எழும்பும். வலக்கையில் சைக்ளிக். இது சுழலும் வட்டத்தையே முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ சாய்க்கும். சாய்ந்த திசையில் ஹெலிகாப்டர் நகரும். கால்களின் கீழே இரண்டு பெடல்கள் வால் சுழலியைக் கட்டுப்படுத்துகின்றன.

வால் சுழலி எதற்கு? நியூட்டனின் மூன்றாம் விதியைப் பத்தாம் வகுப்பில் எல்லோரும் எழுதியிருப்பார்கள். இயந்திரம் சுழலியை ஒரு பக்கம் திருப்பினால், சுழலி உடற்பகுதியை மறுபக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதே வால் சுழலி. மேலிருந்து பார்த்தால் ஹியூயியின் சுழலி இடஞ்சுழி. ஆகவே கலெக்டிவை உயர்த்தும்போது இடப் பெடலை மிதிக்க வேண்டும். எம்ஐ-8 வலஞ்சுழி; அதற்கு வலப் பெடல். நம் நாட்டில் சேத்தக் என்ற பெயரில் தயாரான பிரெஞ்சு அலுவெட்-3-உம் வலஞ்சுழியே. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால் கால் பழைய பழக்கத்தில் போய், ஹெலிகாப்டர் ராட்டினம் சுற்றும். கேஏ-50-க்கு இத்தொல்லை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழலிகள் இருப்பதால் அதற்கு வால் சுழலியே கிடையாது.

மூன்று பிடிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே சிக்கல். கலெக்டிவைத் தொட்டால் மூக்கு திரும்பும், பெடலால் அதைச் சரிசெய்தால் பக்கவாட்டில் நகரும், அதைச் சைக்ளிக்கால் தடுத்தால் தூக்குவிசை சற்றுக் குறைந்து இறங்கும், மீண்டும் கலெக்டிவ்.

மிதத்தல்

ஓரிடத்தில் மிதந்து நிற்பது பார்வைக்கு ஓய்வு போலத் தெரியும். உண்மையில் அது கரகாட்டக்காரரின் வேலை. தலைமேல் குடம் அசையாதிருப்பதற்குக் காரணம், அவர் கழுத்தும் காலும் ஓயாமல் சிறிது சிறிதாக அசைந்துகொண்டிருப்பதுதான். குடம் சாய்ந்த பிறகு திருத்த முடியாது. சாயப்போகும்போதே திருத்த வேண்டும். புதியவர் செய்யும் தவறு, ஹெலிகாப்டர் நகர்ந்த பின் பெரிதாக இழுப்பது. அதன் விளைவு ஒரு நொடி கழித்துத்தான் தெரியும்; அதற்குள் பொறுமையிழந்து இன்னும் இழுப்பார்; பிறகு மறுபக்கம் அதைவிடப் பெரிதாகத் தள்ளுவார். ஊஞ்சல் போல ஆடி விழும். பிடியை விரல் நுனியால் பிடித்து, அழுத்தம் கொடுத்த உடனே பாதியை விட்டுவிடப் பழக வேண்டும். பார்வை மூக்கின் முன்னுள்ள தரையில் இருக்கக் கூடாது. தொலைவிலுள்ள ஒரு மரத்திலோ கட்டடத்திலோ இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டப் பழகும்போது முன்சக்கரத்தைப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

தரையை ஒட்டி மிதப்பது எளிது, உயரத்தில் கடினம். சுழலி கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் தடைபடுவதால் குறைந்த ஆற்றலிலேயே நிற்க முடிகிறது. இதைத் தரை விளைவு என்பர். ஏறத்தாழ சுழலியின் விட்டம் அளவு உயரம் வரை இது இருக்கும். எம்ஐ-8-க்கு அது 21 மீட்டர். முன்னோக்கி மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகம் வந்ததும் உடல் ஒரு முறை அதிர்ந்து, யாரோ கீழிருந்து தூக்கிவிட்டது போல எழும்பும். தான் கலக்கிய காற்றைவிட்டு விலகிச் சுழலி புதுக்காற்றுக்குள் நுழையும் இடம் அது. நல்ல சிமுலேட்டரில் இந்த அதிர்வையும் கேட்கலாம், பார்க்கலாம்.

இறங்கும்போது வரும் இரண்டு ஆபத்துகள்

சிமுலேட்டரில் புதியவர்களை அதிகம் வீழ்த்துவது எதிரியின் ஏவுகணை அன்று, சுழல் வளையம். முன்வேகம் இல்லாமல் செங்குத்தாக விரைந்து இறங்கினால் ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே இறங்குகிறது. இறக்கை நுனிகளில் காற்று வளையமாகச் சுற்றத் தொடங்கி, தூக்குவிசை கரைந்துபோகும். பயந்து கலெக்டிவை இழுத்தால் வளையம் வலுத்து இன்னும் வேகமாக விழும். சைக்ளிக்கை முன்னே தள்ளி அந்தக் காற்றைவிட்டு வெளியேறுவதே வழி. உயரம் மிச்சமிருந்தால்தான் அதுவும் பலிக்கும். வேகம் மணிக்கு 50 கி.மீ.க்குக் கீழே இருக்கும்போது நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் இறங்காதிருப்பது பழகுபவர்க்குப் பாதுகாப்பான வழக்கம்.

இயந்திரம் நின்றால் ஹெலிகாப்டர் கல் போல விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது சுற்றுகிறது அல்லவா? அதுபோல, கலெக்டிவை உடனே முழுதும் இறக்கிவிட்டால் கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுற்றவைக்கும். தரையை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, சுழலியில் மிஞ்சிய சுழற்சியைக் கலெக்டிவால் ஒரே முறை செலவழித்து மெதுவாக உட்கார வேண்டும். நிஜத்தில் இப்பயிற்சி ஆபத்தானது, செலவும் அதிகம். வீட்டில் நூறு முறை விழுந்து எழலாம். சிமுலேட்டரின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுவே என்பது என் கருத்து.

கருவிகள் பற்றிச் சில சொற்கள். விசைப்பலகையால் ஹெலிகாப்டர் ஓட்ட முடியாது. முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பிடியையே முறுக்கிப் பெடலாகப் பயன்படுத்தும் எளிய ஜாய்ஸ்டிக் போதும். அதில் ஒரு குறை உண்டு. ஜாய்ஸ்டிக்கின் வில் பிடியை எப்போதும் நடுவுக்கு இழுக்கும். நிஜ சைக்ளிக் வைத்த இடத்தில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே டிரிம் பொத்தானை அழுத்துவது, கையை நடுவுக்குக் கொண்டுவருவது என்று ஒரு மாற்றுப் பழக்கம் தேவைப்படுகிறது. சிலர் வில்லையே கழற்றிவிடுகிறார்கள். இடக்கை தாட்டிலை முன்னே தள்ளினால் எழும்பவேண்டுமா, பின்னே இழுத்தாலா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நிஜ கலெக்டிவ் மேலே இழுப்பது. எனவே இழுத்தால் எழும்பும்படி அமைப்பதே நல்லது.

குன்னூர், 2021

அன்று பகல் 11.48 மணிக்குக் கோவை சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து புறப்பட்ட எம்ஐ-17வி5, 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தனர். 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்தது. 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று இறந்தார். இயந்திரக் கோளாறோ சதியோ இல்லை என்று 2022 ஜனவரியில் விமானப்படை அறிவித்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, அதனால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது என்பது முதற்கட்ட விசாரணையின் முடிவு.

திசையுணர்வு எப்படிக் குழம்பும்? நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவம் தலையின் சுழற்சியை உணர்த்துகிறது. ஆனால் ஒரே சீராகச் சில நொடிகள் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்து சுழல ஆரம்பித்து, நேராகப் போவதாகவே தோன்றும். அப்போது விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், மறுபக்கம் திரும்புவதாகத் தோன்றும். அடிவானம் தெரியும்வரை கண் இதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் அடிவானம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் 1954-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 விமானிகளுக்கு வெளிப்பார்வை மறைக்கப்பட்டது. இருபது பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 178 நொடிகள். குன்னூர் விமானிகள் அப்படிப்பட்ட புதியவர்கள் அல்லர், தேர்ந்த அனுபவசாலிகள். உட்செவி அனுபவத்தைப் பார்ப்பதில்லை.

வீட்டுச் சிமுலேட்டரின் எல்லை இங்கேதான் இருக்கிறது. டிசிஎஸ்-இல் காக்கசஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மேகத்தைத் தாழ இறக்கி வைத்துவிட்டு எம்ஐ-8-ஐ ஓட்டிப் பாருங்கள். செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரளவு பழகியவர் சமாளித்துவிடுவார். "இதில் என்ன கடினம்?" என்று தோன்றும். நாற்காலி அசையாததால் காது பொய் சொல்லவில்லை. கடினம் தெரியாததற்கு அதுவே காரணம். நிஜத்தில், சாய்ந்து விழுகிறாய் என்று உடம்பு முழுவதும் கத்தும்போது, இல்லை என்று சொல்லும் ஒரு சிறு முள்ளை நம்ப வேண்டும். தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடியில் நேர்மாறானது நடக்கிறது: கண் பறக்கிறது, காது உட்கார்ந்திருக்கிறது, பலருக்குக் குமட்டல் வருவது இதனால்தான்.

வீட்டிலிருந்தே கற்கக் கூடியது ஒன்று உண்டு: மேகம் நெருங்கும் முன்னரே திரும்பிவிடும் முடிவு. பள்ளத்தாக்கில் திரும்ப அகலம் வேண்டும். மலை மேலே ஏற ஏறப் பள்ளத்தாக்கு குறுகும், காற்றின் அடர்த்தி குறைந்து ஆற்றலும் குறையும். குன்னூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். இன்னும் திரும்ப இடமிருக்கிறதா என்று வழிநெடுகத் தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை மேசைமுன்னும் வளர்க்கலாம்.

போர் என்ற பகுதி

இம்மென்பொருள்களில் ராக்கெட், பீரங்கி, ஏவுகணை எல்லாம் நுட்பமாக அமைந்துள்ளன. கீழே இருக்கும் மனிதர்கள்தாம் சில புள்ளிகளாகக் கணக்கில் வருகிறார்கள். ஈழத் தமிழர்களுக்கு "ஹெலி" என்ற சொல் வேறு பொருள் தருவது. இலங்கை விமானப்படையின் பெல் ரக ஹெலிகாப்டர்களும், 1995 முதல் எம்ஐ-24-உம் வானிலிருந்து சுட்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விமானி அறைக்குள்ளிருந்து பார்த்தாலும் அது விளையாட்டாக இருந்ததில்லை. 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி இந்திய அமைதிப்படையின் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கின. இருட்டு, குறுகிய இடம், கீழிருந்து துப்பாக்கிச் சூடு. ஹெலிகாப்டர்கள் சேதமடைந்து, மேற்கொண்டு படையினரை இறக்க முடியாமல் போனது. இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவினர் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். சிமுலேட்டரில் இரவில் சூட்டுக்கிடையே தரையிறங்கிப் பழகும் மாணவர் இந்த வரலாற்றையும் படித்திருக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியனாக விரும்புகிறேன்.

ஆயுதமில்லாப் பணிகளையும் அதே மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்துதான் உணவு இறக்கப்பட்டது. எம்ஐ-8-இல் கயிற்றில் சுமை கட்டித் தூக்கி, ஒரு வளவு முற்றம் அளவுள்ள இடத்தில் ஆடாமல் இறக்கிப் பாருங்கள். சுடுவதைவிட அது பல மடங்கு கடினம்.

நிஜ விமானியாக விரும்புவோர்

வீட்டுக் கணினியில் பறந்த நேரம் உரிமத்துக்கான பறப்பு நேரத்தில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சாதனங்களில் பறந்ததற்கே மதிப்பு. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவது நம் மாநிலத்தில்தான். அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் 561 என்ற எண்ணுள்ள பயிற்சி அணி இயங்குகிறது. சேத்தக் அங்கு நெடுங்காலமாகப் பயிற்சி ஹெலிகாப்டராக இருந்து வந்தது. அங்கும் தொடக்கப் பாடங்களுள் முக்கியமானது மிதத்தலே. சிமுலேட்டரில் பழகிவிட்டுச் செல்பவர்க்குப் பெடலும் கலெக்டிவும் புதிதாக இரா. ஆனால் வில் வைத்த ஜாய்ஸ்டிக்கில் வளர்ந்த இறுகிய பிடியைப் பயிற்றுநர் முதலில் தளர்த்த வேண்டியிருக்கும்.