வி. ஜே. பீட்டர்

வி. ஜே. பீட்டர் (1937–1998) சென்னையில் பிறந்த ஹாக்கி வீரர்; இந்திய அணியின் முன்கள ஆட்டக்காரர். ‘ஹாக்கிபட்டி’ என்று பெயரெடுத்த கோவில்பட்டிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவர்.

1928 முதல் ஒலிம்பிக் தங்கத்தை விடாத இந்தியா, 1960 ரோம் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்றது. அந்த அணியில் பீட்டர் இருந்தார். 1964 டோக்கியோவில் அதே பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கத்தை மீட்ட அணியிலும் இருந்தார். 1966-இல் அர்ஜுனா விருது. 1968 மெக்சிகோவில் வெண்கலம். மூன்று வகைப் பதக்கமும் ஒருவரிடமே சேர்வது அபூர்வம்தான்.

அண்ணன் விட்ட இடத்தில் தம்பி வி. ஜே. பிலிப்ஸ் தொடங்கினார். 1976 ஒலிம்பிக் போட்டியில் ஆடினார். அதற்கு முன் 1975-இல் உலகக் கோப்பை வென்ற அணியிலும் இடம்பெற்றார்.