கல், கூலி, மீன்: எந்தச் செலவை வருமான வரியில் கழிக்கலாம்?

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களிலும் கோவளத்து மீன் உணவகங்களிலும் செலவு கண்ணெதிரே நடக்கிறது. தாளில் ஏறாததால், வராத லாபத்துக்கும் சேர்த்து வரி கட்ட நேர்கிறது. உழைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு இந்த இழப்பு வேண்டாமே என்ற அக்கறையில், அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு விளக்கம்.

சிற்பக்கூடம் வைத்திருக்கிறேன். 8 சதவீதக் கணக்கில் வருமானம் காட்டுகிறேன். கட்டர் பிளேடு, மின்கட்டணத்தைத் தனியாகக் கழிக்கலாமா?

முடியாது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான இந்த முறையில் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி) எல்லாச் செலவும் கழிந்ததாகவே கொள்ளப்படும். ரொக்க வரவுக்கு 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் என்பது குறைந்தபட்ச வருமானம். உண்மை லாபம் அதைவிடக் குறைவு என்றால், கணக்குப் புத்தகம் எழுதித்தான் நிரூபிக்க வேண்டும். வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் தேவை.

உளிக்குக் கூர் போடுபவரும் தினக்கூலிகளும் பில் தருவதில்லையே?

வவுச்சர் போதும். தேதி, பெயர், என்ன வேலை, எவ்வளவு தொகை, கையெழுத்து, அன்றன்றே எழுதிவிடுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய வவுச்சர் கட்டு யாரையும் நம்பவைக்காது. கம்ப்ரசர், கிரைண்டர் போன்ற இயந்திரங்களின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானமாகக் கழியும்.

ரொக்கமாகக் கொடுத்தால் சிக்கலா?

பெரிய சிக்கல். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. கல் வாங்கி 12,000 ரூபாயைக் கையில் கொடுத்தால், மேலே உள்ள 2,000 மட்டுமல்ல, 12,000-மும் போச்சு. இரண்டு பில்லாகப் பிரித்தாலும் ஒரே நாள் என்றால் கூட்டிப் பார்ப்பார்கள். லாரி வாடகைக்கு மட்டும் வரம்பு 35,000 ரூபாய். இயந்திரத்தை இப்படி வாங்கினால் தேய்மானமும் கிடைக்காது.

விடியற்காலையில் படகிலிருந்து மீன் வாங்குகிறோம். அங்கே ரொக்கம்தானே?

இதற்கு விதியிலேயே விலக்கு உண்டு, பலருக்கும் தெரியாது. பிடித்தவரிடமே நேரடியாக வாங்கும் மீனுக்கு 10,000 ரூபாய் வரம்பு பொருந்தாது. கரையில் மீனைப் பிரித்து விற்கும் மீனவர் தலைவரும் இதில் அடக்கம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2008-இல் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. வியாபாரியிடமோ தரகரிடமோ வாங்கினால் விலக்கு இல்லை. ஆகவே வவுச்சரில் படகுக்காரர் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

மேல்மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். மின்கட்டணம் முழுவதையும் காட்டலாமா?

கூடாது. அந்த அறைகளுக்கு உரிய பங்கை மட்டும் காட்டலாம். தனி மீட்டர் இருந்தால் வாதமே எழாது. சொந்த வீட்டுக்கு நீங்களே உங்களுக்கு வாடகை கொடுத்ததாகக் காட்ட முடியாது.

மனைவிக்குச் சம்பளம்?

கல்லாவிலோ சமையலிலோ உண்மையாக வேலை பார்த்தால், வெளியாளுக்குக் கொடுக்கும் அளவுக்குக் கொடுக்கலாம். வங்கிக் கணக்கில் போடுங்கள்.

புதிய வரி முறையில் செலவே கழிக்க முடியாதாமே?

தவறான பேச்சு. அங்கே கிடைக்காதவை ஆயுள் காப்பீடு, பி.பி.எஃப். போன்ற சொந்தச் சேமிப்புச் சலுகைகள். தொழிலுக்காகச் செய்த கல், கூலி, மின்சாரச் செலவுகளை இரண்டு முறைகளிலும் கழிக்கலாம்.